புல்பென்னைக் கீழிருந்து கட்டுவது எப்படி?

மலேசியாவின் சுங்கை சிப்புட், பீடோர், லாபிஸ் மாதிரி தோட்டப்புற ஊர்களில் பேஸ்பால் பார்ப்பவர்கள் குறைவு. ஆனால் நாலைந்து பேர் சேர்ந்தாலே போதும், ஓர் ஆட்டம் நன்றாக ஓடும். ஆளுக்கு ஒரு மேஜர் லீக் (வட அமெரிக்காவின் முதன்மை பேஸ்பால் லீக்) அணி, ஆளுக்கு ஒரு பள்ளி நோட்டு. நவம்பர் முதல் மார்ச் வரை அந்த அணி யாரை எடுக்க வேண்டும், யாரை விட வேண்டும் என்று முன்கூட்டியே எழுதி வைப்பது, செப்டம்பர் கடைசியில் நோட்டைப் பிரித்துச் சரிபார்ப்பது. செலவு என்று பார்த்தால் நோட்டுக் காசும் கடையில் குடிக்கும் தே தாரேயும்தான்.

இந்த ஆட்டத்தில் பெரும்பாலோர் சறுக்கும் இடம் புல்பென். ஆட்டத்தைத் தொடங்கும் பிட்சரான (பந்து வீசுபவர்) ஸ்டார்ட்டர் வெளியேறிய பிறகு வந்து வீசும் ரிலீவர்களின் கூட்டம் அது. பேர்போன குளோசர் (கடைசி இன்னிங்ஸை வீசி முடிப்பவர்) ஒருவரை முதல் வரியில் எழுதுவார்கள். பணத்தில் பாதி அங்கேயே போய்விடும். மீதி ஏழு பேரை, யாராவது கிடைப்பார்கள் என்ற நம்பிக்கையில் விட்டுவிடுவார்கள். இங்கே சொல்லும் முறை அதற்கு நேர் எதிர். கடைசி ஆளிலிருந்து தொடங்கி மேலே போக வேண்டும்.

முதலில் நாள்காட்டி

அமெரிக்கக் கிழக்குக் கரைக்கும் நமக்கும் கோடையில் 12 மணி நேர வித்தியாசம். நவம்பர் முதல் ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு 13 மணி. அங்கே மாலை 5 மணிக்கு முடியும் கெடு நமக்கு மறுநாள் காலை 6 மணி. பெரட்டுக்கோ காலை ஷிப்டுக்கோ கிளம்பும் முன் கைப்பேசியில் ஒரு பார்வை போதும், ராத்திரி கண்விழிக்க வேண்டியதில்லை.

மேஜர் லீக்கின் இறுதிப் போட்டியான உலகத் தொடர் அக்டோபர் கடைசியிலோ நவம்பர் தொடக்கத்திலோ முடியும். ஆறு வருட மேஜர் லீக் சேவையும் ஒப்பந்தமும் முடிந்தவர்கள் மறுநாளே ஃப்ரீ ஏஜென்ட். சேவைக் கணக்கில் 172 நாள் என்றால் ஒரு வருடம். எந்த அணியோடும் அவர்கள் உடனே பேசலாம். ஆனால் வேறு அணியில் கையெழுத்துப் போட ஐந்து நாள் காத்திருக்க வேண்டும். ஒப்பந்தத்தில் உள்ள கூடுதல் ஆண்டு விருப்பங்களை அணியும் வீரரும் ஏற்பதா மறுப்பதா என்று சொல்வதும், பழைய அணி ‘குவாலிஃபையிங் ஆஃபர்’ கொடுப்பதும் அந்த ஐந்து நாளில்தான். இந்த ஆஃபர் அதிகச் சம்பளம் வாங்கும் 125 பேரின் சராசரிக்கு ஓராண்டு ஒப்பந்தம். 2025 நவம்பரில் அது 22.025 மில்லியன் டாலர். ரிலீவர்களில் அந்தச் சம்பளத்துக்கு உரியவர் அரிது என்பதால் அணிகள் பொதுவாக அவர்களுக்கு இதை நீட்டுவதில்லை. 2023-இல் ஜோஷ் ஹேடர் விதிவிலக்கு. அவர் மறுத்துவிட்டு ஹூஸ்டன் ஆஸ்ட்ரோஸில் 5 ஆண்டுக்கு 95 மில்லியன் டாலருக்குச் சேர்ந்தார். அப்படி மறுத்தவரை எடுக்கும் அணி டிராஃப்ட் தேர்வையும் (புது வீரரை முறைவைத்து எடுக்கும் வாய்ப்பு) இழக்கும். நோட்டில் சம்பளத்துக்குப் பக்கத்தில் இந்த இழப்பையும் எழுதுங்கள்.

புல்பென் ஆசாமிகளுக்கு முக்கியமான நாள் நவம்பர் மூன்றாம் வார வாக்கில் வருகிறது. சேவை ஆறு வருடம் ஆகாதவர்களுக்கு அடுத்த ஆண்டு ஒப்பந்தம் தருவதா இல்லையா என்று அணிகள் சொல்லும் கெடு அது. அணிக்கும் வீரருக்கும் உடன்பாடு வராதபோது சம்பளத்தைத் தீர்மானிக்கும் நடுவர் மன்றத்தில் அது ஏறிவிடும் என்று பயந்து கைவிடப்படும் ரிலீவர்கள் அன்று கொத்தாக வெளியே வருவார்கள். பெரிய பெயர்களின் பட்டியலைவிட இந்தப் பட்டியலில்தான் நேரம் செலவழிக்க வேண்டும். டிசம்பரில் குளிர்காலக் கூட்டம், அதன் கடைசியில், மற்ற அணிகள் பாதுகாக்காமல் விட்ட மைனர் லீக் வீரர்களை எடுக்கும் ‘ரூல் 5’ டிராஃப்ட். பிப்ரவரி நடுவில் பிட்சர்களும் கேட்சர்களும் பயிற்சி முகாமுக்கு வந்துவிடுவார்கள். அதற்குள் நோட்டில் முக்கால் பங்கு நிரம்பியிருக்க வேண்டும்.

பெயர் எழுதும் முன் இன்னிங்ஸை எண்ணுங்கள்

முதல் பக்கத்தில் பெயரே வேண்டாம். ஒரு பருவத்தின் 162 ஆட்டத்தை 9 இன்னிங்ஸால் (இரு அணியும் ஒரு தடவை மட்டைபிடிக்கும் சுற்று) பெருக்கினால் 1,458. வெளியூர்த் திடலில் பின்தங்கியிருந்தால் கடைசி அரை இன்னிங்ஸ் வீசத் தேவையில்லை, சில ஆட்டம் நீளும். கூட்டிக் கழித்து 1,440 என்று வையுங்கள். இன்றைய ஸ்டார்ட்டர் சராசரியாக ஓர் ஆட்டத்துக்கு 5 இன்னிங்ஸுக்குச் சற்று மேல் வீசுகிறார். ஒரே பிட்சரை மூன்றாம் சுற்றில் சந்திக்கும்போது பேட்டர்கள் நன்றாக அடிக்கிறார்கள் என்பது தெரிந்த பிறகு அணிகள் ஸ்டார்ட்டரைச் சீக்கிரம் வெளியே எடுத்துவிடுகின்றன. ஸ்டார்ட்டர்களுக்கு 840 போனால் புல்பென்னுக்கு 600 மிஞ்சும். உங்கள் அணியின் ஸ்டார்ட்டர்கள் வலுவானவர்கள் என்றால் 550, நொண்டுகிறவர்கள் என்றால் 650.

இனி 600-ஐப் பங்கிடுங்கள். 26 பேர் கொண்ட அணியில் பிட்சர்கள் 13 பேருக்கு மேல் கூடாது. ஐந்து ஸ்டார்ட்டர் போக ரிலீவர் எட்டுப் பேர். முதல் இருவருக்கு ஆளுக்கு 65, அடுத்த மூவருக்கு 55, கடைசி மூவருக்கு 40 என்று கொடுத்தாலும் 415-தான் வருகிறது. மீதி 185 இன்னிங்ஸை வீசப்போவது யார்? ஏப்ரலில் பட்டியலில் இல்லாத ஆட்கள். டிரிபிள் ஏ-யிலிருந்து (மேஜர் லீக்குக்கு அடுத்த கீழ்ப்படி) ஏறி இறங்குபவர்கள், காயம்பட்டவருக்குப் பதிலாக வருபவர்கள், மே மாதத்தில் வேறு அணி கழற்றிவிட்டவர்கள். ஒரு பருவத்தில் ஓர் அணி இருபதுக்கு மேற்பட்ட ரிலீவர்களைப் பயன்படுத்துவது இப்போது சாதாரணம். எட்டுப் பெயரோடு நோட்டை மூடுகிறவர் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு வேலையை ஆளில்லாமல் விட்டிருக்கிறார்.

ஆப்ஷன் இருக்கிறதா?

ஒவ்வொரு பெயருக்குப் பக்கத்திலும் ஒரு குறி போடுங்கள். வேறு அணிகள் கைவைக்க முடியாதபடி அவரைக் கீழ் அணிக்கு அனுப்ப முடியுமா என்பதற்கான குறி அது; அந்த உரிமைக்குப் பெயர்தான் ஆப்ஷன். அணி தனக்கென்று காத்துவைக்கும் 40 பேர் பட்டியலில் ஏறிய வீரருக்குப் பொதுவாக மூன்று ஆப்ஷன் ஆண்டுகள். 2022 முதல் ஒரே பருவத்தில் ஒருவரை ஐந்து தடவைக்கு மேல் கீழே அனுப்ப முடியாது. அனுப்பப்பட்ட பிட்சர் 15 நாளுக்கு முன் திரும்ப முடியாது, காயம்பட்டவருக்குப் பதிலாக வந்தால் தவிர. ஐந்து வருடச் சேவை முடித்தவர் போக மறுக்கலாம்.

எட்டில் குறைந்தது மூன்று பேருக்கு ஆப்ஷன் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் என்ன ஆகும் பாருங்கள். செவ்வாய்க்கிழமை ஆட்டம் 13 இன்னிங்ஸ் போகிறது, ஆறு ரிலீவர் வீசிவிட்டார்கள். புதன் காலை புதுக் கை ஒன்று வேண்டும். யாரையும் கீழே அனுப்ப முடியாது என்றால் ஒருவரைப் பட்டியலிலிருந்தே நீக்கவேண்டி வரும், பக்கத்து அணி அவரைத் தூக்கிக்கொண்டு போகும். ஆப்ஷன் இல்லாத சுமாரான ரிலீவரை 3 மில்லியனுக்கு எடுப்பதைவிட, அதே தரத்தில் ஆப்ஷன் உள்ளவரைக் குறைந்தபட்சச் சம்பளத்துக்கு (2026-இல் 780,000 டாலர்) வைத்துக்கொள்வது மேல்.

‘ரூல் 5’-இல் எடுக்கும் பிட்சர் பார்வைக்கு மலிவு, 100,000 டாலர்தான். ஆனால் பருவம் முழுக்க மேல் அணியிலேயே வைத்திருக்க வேண்டும், இல்லையேல் பழைய அணிக்குத் திருப்பித் தர முன்வர வேண்டும். எட்டாவது நாற்காலி ஆறு மாதம் பூட்டிக் கிடக்கும். ஜெயிக்க நினைக்கும் அணிக்கு இது ஆகாது.

ஆளை எடைபோடுவது

ரிலீவரின் ஈ.ஆர்.ஏ.-வை (ஃபீல்டர் பிழையால் வந்தது போக, 9 இன்னிங்ஸுக்குச் சராசரியாகக் கொடுத்த ரன்) முதலில் பார்க்காதீர்கள். 60 இன்னிங்ஸ் வீசுகிறவர் ஒரே ஒரு நாள் ஐந்து ரன் கொடுத்தாலே அந்த எண் 0.75 ஏறிவிடும் (5 × 9 ÷ 60). ஒரு கெட்ட இரவு, 2.60-ஐ 3.35 ஆக்கிவிடும். ஆள் மாறவில்லை.

பார்க்க வேண்டியது ஸ்ட்ரைக்அவுட் விழுக்காடும் வாக் விழுக்காடும். சந்தித்த பேட்டர்களில் நூற்றுக்கு எத்தனை பேரை ஃபீல்டர் உதவியின்றி மூன்று ஸ்ட்ரைக்கில் அவுட்டாக்கினார், எத்தனை பேரை நான்கு தப்புப் பந்து போட்டு இலவசமாக முதல் பேஸுக்கு நடக்கவிட்டார் என்று கணக்கிட்டு, முதலாவதிலிருந்து இரண்டாவதைக் கழியுங்கள். ரிலீவர்களின் சராசரி வித்தியாசம் ஏறக்குறைய 14. பதினெட்டுக்கு மேல் என்றால் நல்ல ஆள், இருபத்திரண்டு என்றால் கடைசி இன்னிங்ஸுக்கு நம்பலாம். பத்துக்குக் கீழே போனால் ஈ.ஆர்.ஏ. எவ்வளவு அழகாக இருந்தாலும் விட்டுவிடுங்கள்.

இன்னொரு கணக்கு எஃப்.ஐ.பி. ஃபீல்டர்களின் உதவியும் அதிர்ஷ்டமும் கலக்காமல் பிட்சரை மட்டும் அளப்பது. ஹோம் ரனை (பொதுவாக வேலியைத் தாண்டும் அடி) 13-ஆலும், வாக்கும் உடம்பில் பட்ட பந்தும் சேர்ந்ததை 3-ஆலும் பெருக்கிக் கூட்டுங்கள். ஸ்ட்ரைக்அவுட்டை 2-ஆல் பெருக்கி அதிலிருந்து கழியுங்கள். வந்ததை இன்னிங்ஸால் வகுத்து 3.1 சேருங்கள் (இந்தக் கடைசி எண் ஆண்டுக்கு ஆண்டு சற்று மாறும்). 60 இன்னிங்ஸ், 6 ஹோம் ரன், 20 வாக், உடம்பில் பட்டது 2, ஸ்ட்ரைக்அவுட் 75 என்றால்: 78 + 66 − 150 = −6. வகுத்தால் −0.1, ஆக 3.0. இவருடைய ஈ.ஆர்.ஏ. 4.20 என்று இருந்தால் பக்கத்தில் நட்சத்திரம் போடுங்கள், சந்தையில் விலை குறைந்திருக்கும். மாறாக ஈ.ஆர்.ஏ. 2.10, எஃப்.ஐ.பி. 4.00 என்றால் அடுத்த அணிதான் அதற்கு விலை கொடுக்கப் போகிறது. அது உங்கள் அணியாக இருக்க வேண்டாம்.

வேகம் தனி வரி. போன வருடத்தைவிட ஃபாஸ்ட்பால் மணிக்கு 2, 3 கிலோமீட்டர் குறைந்திருந்தால், அதுவும் ஆகஸ்டுக்குப் பிறகு குறைந்திருந்தால், முழங்கையோ தோளோ பேசுகிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள். முழங்கைத் தசைநார் அறுவை செய்தவர் திரும்ப 12 முதல் 18 மாதம் ஆகும். அப்படிப்பட்டவரை இரண்டாண்டு ஒப்பந்தத்தில் எடுத்து முதல் ஆண்டைச் சிகிச்சைக்கு விடும் வழி உண்டு. கிர்பி யேட்ஸை அட்லாண்டா பிரேவ்ஸ் 2021 நவம்பரில் 8.25 மில்லியனுக்கு அப்படித்தான் எடுத்தது.

இடக்கை, வலக்கைக் கணக்கையும் விட்டுவிடக் கூடாது. 2020 முதல், உள்ளே வரும் பிட்சர் மூன்று பேட்டரைச் சந்திக்க வேண்டும், அல்லது அந்த அரை இன்னிங்ஸை முடிக்க வேண்டும். ஒரே ஒரு இடக்கை பேட்டருக்காக மட்டும் ஓர் இடக்கை பிட்சரை வைத்திருந்த காலம் போய்விட்டது. எதிர்க்கை பேட்டர்களிடம் (இடக்கை பிட்சருக்கு வலக்கை பேட்டர்) ரிலீவர் எப்படி என்று பாருங்கள். சிங்க்கரும் (தாழும் பந்து) அகலமாக விலகும் ஸ்லைடரும் மட்டும் உள்ளவர் எதிர்க்கையிடம் அடி வாங்குவார். சேஞ்ச்அப் (வேகம் குறைத்த பந்து), ஸ்பிளிட்டர் (கடைசியில் சட்டென்று விழும் பந்து) உள்ளவர் தாக்குப்பிடிப்பார்.

விலை

2017 பருவம் முடிந்த குளிர்காலத்தில் கொலராடோ ராக்கீஸ் மூன்று ரிலீவருக்கு 106 மில்லியன் டாலர் இறைத்தது: வேட் டேவிஸுக்கு மூன்றாண்டுக்கு 52, பிரையன் ஷாவுக்கும் ஜேக் மெகீக்கும் தலா 27. 2018-இல் டேவிஸ் 43 சேவ் (சிறு முன்னிலையைக் காத்து ஆட்டத்தை முடிப்பது) எடுத்து, மேஜர் லீக்கின் இரு பிரிவில் ஒன்றான நேஷனல் லீக்கில் முதலிடம். ஷாவின் ஈ.ஆர்.ஏ. 5.93, மெகீக்கு 6.49. அடுத்த வருடம் டேவிஸுக்கே 8.65. ராக்கீஸின் ஊரான டென்வரில் பந்தை அதிக தூரம் பறக்கவிடும் மெல்லிய காற்றை மட்டும் குற்றம் சொல்லிப் பயனில்லை. ரிலீவர்களின் எண்கள் ஆண்டுக்காண்டு ஆடும், ஒப்பந்தம் ஆடாது.

லாஸ் ஏஞ்சலஸ் டோட்ஜர்ஸ் கதையும் அதேதான், பணம் மட்டும் அதிகம். 2024-இல் 1.75 ஈ.ஆர்.ஏ. வைத்திருந்த டேனர் ஸ்காட்டுக்கு நான்காண்டுக்கு 72 மில்லியன். 2025-இல் அவருக்கு வந்தது 4.74. மேலே சொன்ன யேட்ஸ், டெக்சாஸ் ரேஞ்சர்ஸில் 2024-இல் 1.17 காட்டிவிட்டு 13 மில்லியனுக்கு டோட்ஜர்ஸுக்குப் போய் 2025-இல் 5.23-இல் முடித்தார். அந்த ஆண்டு டோட்ஜர்ஸ் உலகத் தொடரை ஜெயித்ததென்னவோ உண்மை. ஆனால் கடைசி அவுட்களை எடுத்தவர் யார்? முந்தைய நாள் 96 பந்து வீசிய ஸ்டார்ட்டர் யோஷினோபு யமமோட்டோ, ஏழாம் ஆட்டத்தில் திரும்ப வந்து 2⅔ இன்னிங்ஸ் வீசினார்.

மறுபக்கம், பாஸ்டன் ரெட் சாக்ஸ் 36 வயது அரோல்டிஸ் சாப்மனை ஓராண்டுக்கு 10.75 மில்லியனுக்கு எடுத்து 2025-இல் 1.17 ஈ.ஆர்.ஏ. பார்த்தது. ஆகவே நோட்டுக்கு ஒரு விதி: ரிலீவருக்கு ஓராண்டு, மிஞ்சினால் இரண்டாண்டு, அல்லது ஓராண்டோடு அணியின் விருப்பத்தில் இன்னோர் ஆண்டு. மூன்றாம் ஆண்டு கேட்கிறவருக்கு அந்த ஸ்ட்ரைக்அவுட், வாக் வித்தியாச எண் மூன்று பருவம் தொடர்ந்து 20-க்கு மேல் இருந்திருக்க வேண்டும். அப்போதும் ஆபத்து போகாது. எட்வின் டியாஸ் 2022 நவம்பரில் நியூயார்க் மெட்ஸில் 5 ஆண்டுக்கு 102 மில்லியன் வாங்கி, 100 மில்லியனைத் தாண்டிய முதல் ரிலீவர் ஆனார். 2023 மார்ச்சில் உலக பேஸ்பால் கிளாசிக்கில் வெற்றிக் கொண்டாட்டத்தில் முழங்கால் தசைநார் அறுந்து அந்தப் பருவம் முழுதும் போனது.

சம்பளத்தோடு, மொத்தச் சம்பளம் வரம்பைத் தாண்டினால் அணி லீக்குக்குக் கட்டும் வரியையும் எழுதுங்கள். ஒப்பந்தத்தின் ஆண்டுச் சராசரிதான் வரிக் கணக்குக்குப் போகும். 2026-க்கான வரம்பு 244 மில்லியன். உங்கள் அணி 240-இல் நிற்கிறது, மூன்றாண்டு 36 மில்லியனுக்கு ஒருவரை எடுக்கிறீர்கள் என்றால் ஆண்டுக்கு 12 கூடி 252. வரம்பைத் தாண்டியது 8. முதல் தடவை தாண்டும் அணிக்கு 20 விழுக்காடு, அதாவது 1.6 மில்லியன். தொடர்ந்து மூன்றாம் ஆண்டாகத் தாண்டும் அணிக்கு 50 விழுக்காடு, 4 மில்லியன். அதே ஆள், ஓர் அணிக்கு 13.6, இன்னொன்றுக்கு 16.

எப்போது யாரை இறக்குவது

இது நோட்டின் கடைசிப் பகுதி. கடையில் சண்டை வருவதும் இங்கேதான். சிறந்த ஆளை ஒன்பதாம் இன்னிங்ஸுக்குப் பூட்டி வைக்காதீர்கள். திடலில் நாம் ஆடும் கிரிக்கெட்டில் 16-ஆம் ஓவரிலேயே ஆட்டம் கைநழுவும்போது நல்ல பந்துவீச்சாளரை 20-ஆம் ஓவருக்குச் சேமிப்பதும் இதுவும் ஒன்றுதான். 2016 அக்டோபர் 4-ஆம் தேதி டொராண்டோவில் நடந்த, தோற்றவர் வெளியேறும் வைல்ட் கார்ட் ஆட்டத்தில், பால்டிமோர் ஓரியோல்ஸ் 0.54 ஈ.ஆர்.ஏ. வைத்திருந்த ஸாக் பிரிட்டனை முன்னிலைக்காகக் காத்து வைத்தது. முன்னிலை வரவேயில்லை. 11-ஆம் இன்னிங்ஸில் எட்வின் என்கார்னாசியோன் மூன்று ரன் ஹோம் ரன் அடித்து முடித்துவைத்தார். பிரிட்டன் ஒரு பந்தும் வீசவில்லை. அதே மாதம் கிளீவ்லாந்து, ஆண்ட்ரூ மில்லரை ஐந்தாம், ஆறாம் இன்னிங்ஸிலேயே இறக்கி உலகத் தொடர் வரை போனது.

எழுதும் முறை இப்படி: சமநிலையோ, ஒன்றிரண்டு ரன் வித்தியாசமோ, ஏழாம் இன்னிங்ஸுக்குப் பிறகு எதிரணியின் முதல் நாலு பேட்டர் வருகிறார்கள் என்றால் ‘அ’ பிரிவு, சிறந்த இருவர் மட்டும். மூன்று ரன் முன்னிலை, கீழ்வரிசை பேட்டர்கள் என்றால் ‘ஆ’, அடுத்த தரத்தினர். நாலுக்கு மேல் வித்தியாசம் என்றால் ஆப்ஷன் உள்ளவர்கள். வழக்கமான பருவத்தில் பத்தாம் இன்னிங்ஸ் முதல் இரண்டாம் பேஸில் ஓர் ஓட்டக்காரர் நிற்கிறார். தரையில் உருளும் பந்தும் ரன்னாகலாம். அங்கே ஸ்ட்ரைக்அவுட் எடுப்பவரை இறக்குங்கள்.

கூடவே மூன்று நாள் கட்டம் ஒன்று. 25 பந்துக்கு மேல் வீசினால் மறுநாள் ஓய்வு. இரண்டு நாள் தொடர்ந்து வீசினால் மூன்றாம் நாள் ஓய்வு. மூன்று நாளில் மொத்தம் 45-ஐத் தாண்டினாலும் ஓய்வு. ஆட்டத்தில் இறங்காமல் புல்பென்னில் சூடேற்றி உட்கார்ந்ததை அரை நாளாக எண்ணுங்கள். ஆட்டத்தின் ஸ்கோர் அட்டையில் அது வராது, தோளில் வரும். கிழக்குக் கரை ஆட்டங்களின் ஏழாம் இன்னிங்ஸ் நமக்குக் காலை 9 மணி வாக்கில். ராத்திரி ஷிப்டு முடித்து வருகிறவர் பார்த்துக் குறித்து வைத்தால் மற்றவர்கள் மதியம் எழுதிக்கொள்ளலாம்.

செப்டம்பரில் மதிப்பெண் போடும்போது சேவ்களை எண்ணாதீர்கள். நோட்டில் எழுதிய ஒவ்வொருவரின் ஸ்ட்ரைக்அவுட், வாக் வித்தியாசத்தையும் அவருக்கு ஒதுக்கிய பணத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். 185 இன்னிங்ஸை யார் வீசினார்கள் என்பதற்குத் தனி மதிப்பெண்.

நோட்டில் கடைசி இரண்டு பக்கத்தைக் காலியாக விடவும். ஆறு வருடச் சேவை முடித்து மைனர் லீக் ஒப்பந்தத்தில் முகாமுக்கு வந்த அனுபவசாலிகள், தொடக்க நாளுக்கு ஐந்து நாள் முன்பும், மே 1-ஆம் தேதியும், ஜூன் 1-ஆம் தேதியும் ஒப்பந்தத்திலிருந்து விலகிக்கொள்ளலாம். அந்த மூன்று நாளிலும் கிடைக்கும் பெயர்களை அங்கே எழுதுங்கள்.